ஒரு பருக்கைப் பிரசாதம்

மார்கழி மாதம் 27-ஆம் நாள், கூடாரவல்லித் திருநாள். கும்பகோணத்துப் பெருமாள் கோயில் ஒன்றில் விடிவதற்கு முன்பே பக்தர்கள் கூடிவிட்டிருந்தனர். பாலும் வெல்லமும் நெய்யும் ஏலமும் சேர்ந்து கொதிக்கும் அக்காரவடிசிலின் மணம் மடைப்பள்ளியிலிருந்து பிராகாரம் முழுவதும் பரவியிருந்தது. தரிசன வரிசையின் நடுவே ஒரு பாட்டியும் அவருடைய ஒன்பது வயதுப் பேத்தியும் நின்றிருந்தார்கள். தாத்தா துளசி மாலை வாங்கச் சென்றிருந்தார்.

“பாட்டி, எனக்கு ஏதாவது இனிப்பு வேணும்” என்றாள் சிறுமி.

“சும்மா இரும்மா. உனக்கு அதெல்லாம் ஆகாதுன்னு தெரியாதா?” என்றார் பாட்டி.

சிறிது நேரத்தில் மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது குரலில் கோபம் இருந்தது. அதிர்ந்து பேசாத பெண், பாட்டியின் கையை உதறினாள். முன்னும் பின்னும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். நாலு பேர் நடுவில் நாக்கை அடக்கத் தெரியாத பிள்ளையாக வளர்த்துவிட்டோமே என்று பாட்டியின் மனம் குறுகிற்று. மார்கழிக் குளிரிலும் குழந்தையின் உள்ளங்கை வியர்த்திருந்ததை அவர் உணர்ந்தார். அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை.

சந்நிதியில் திரை விலகியது. மணியோசை எழுந்தது. எல்லோருடைய கைகளும் தலைக்கு மேல் குவிந்த அந்த நேரத்தில் சிறுமி தூணில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. உதடுகள் நடுங்கின. பெயர் சொல்லி அழைத்தால் விழித்துப் பார்த்தாள்; பேச்சு கோவையாக வரவில்லை.

அவள் இனிப்புக் கேட்டது நாக்கின் ஆசைக்காக அன்று. அவளுடைய உடல் தனக்கு உடனே வேண்டிய மருந்தைக் கேட்டிருக்கிறது. பேத்தியின்மீது உயிரையே வைத்திருந்த பாட்டி அதை மூன்று முறை மறுத்துவிட்டார். அது எப்படி நேர்ந்தது என்பதை அறிய இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

அப்போது குழந்தைக்கு ஏழு வயது. சில வாரங்களாக ஓயாத தாகம். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்று பல ஆண்டுகள் ஆகியிருக்க, மறுபடியும் நனைக்கத் தொடங்கினாள். வயிறாரச் சாப்பிட்டும் உடல் மெலிந்தது. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று பாட்டி இளநீரும் வெந்தயமும் கொடுத்துவந்தார். குளியலறை மூலையில் எறும்புகள் சாரை சாரையாக மொய்ப்பதை முதலில் கண்டவரும் அவர்தான். மழைக்கு முன் எறும்பு வருவது வழக்கம்தானே என்று மஞ்சள் தூளைத் தூவிவிட்டுப் போய்விட்டார். ஒரு நாள் வாந்தியும் வயிற்றுவலியுமாகத் தொடங்கி, மூச்சு வாங்கி, குழந்தையின் நினைவு தடுமாறியபோதுதான் எல்லோரும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். இரத்தத்தில் சர்க்கரையின் அளவு 500-ஐத் தாண்டியிருந்தது.

முதல் வகை நீரிழிவு என்று மருத்துவர் சொன்னபோது பாட்டி கேட்ட முதல் கேள்வி, “நான் ஊட்டின இனிப்பாலயா டாக்டர் இது வந்தது?” என்பதுதான்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. நாம் உண்ணும் சோறும் இட்லியும் பழமும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உடலின் செல்களுக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின். நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே வழிதவறி, இன்சுலினைச் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுவதால் முதல் வகை நீரிழிவு வருகிறது. இனிப்புத் தின்றதால் வருவதன்று. வளர்த்தவர்களின் பிழையாலும் வருவதன்று.

தாத்தாவுக்கு வேறு ஐயம். “எனக்கும் பல வருஷமா சர்க்கரை இருக்கு. மாத்திரையிலேயே ஓட்டிட்டிருக்கேன். பச்சைக் குழந்தைக்கு ஊசி எதுக்கு?” என்று கேட்டார். முதியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை. அவர்களுடைய கணையம் இன்னும் ஓரளவு சுரக்கிறது. சுரப்பதை நன்கு வேலை செய்யவைக்க மாத்திரை உதவுகிறது. குழந்தையின் கணையத்திலோ சுரப்பே இல்லை. இல்லாததை வெளியிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். ஊசியை ஓரிரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து என்பதையும் அழுத்திச் சொன்னார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் கண்ட குழந்தைகளுக்கு நீண்ட வாழ்வு இல்லை. உணவை மிகமிகக் குறைத்துச் சில காலம் உயிரை நீட்டிப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1921-இல் கனடாவின் டொரன்டோ நகரில் பிரடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதன் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர். பான்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளே உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் அது குழந்தைகள் தினமாகவும் அமைந்திருப்பது ஒரு நல்ல பொருத்தம்.

குழந்தை உடல் தேறி வீடு திரும்பினாள். காலையிலும் இரவிலும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு ஊசி. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கருவியில் சோதனை. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்பவர்கள். ஆகவே பகற்பொழுதில் பொறுப்பு முழுவதும் முதியவர்கள் இருவரையே சேர்ந்தது.

உறவினர் வந்து பார்த்தனர். “பெண் குழந்தை. நாளைக்கு ஒரு நல்லது நடக்கணும். வெளியில மூச்சு விடாதீங்க” என்று சொல்லிப்போனார் வயதில் மூத்த ஒருவர். அந்தச் சொல் பாட்டியின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊசி போட்டார்கள். அண்டை வீட்டாரிடம் இரத்தசோகைக்கு மருந்து என்று சொல்லிவைத்தார்கள். பள்ளி ஆசிரியைக்கு மட்டும் தாய் பிடிவாதமாக உண்மையைச் சொல்லியிருந்தாள்.

பாட்டியின் கை, கொடுத்துப் பழகிய கை. வெள்ளிக்கிழமைதோறும் சர்க்கரைப் பொங்கல், சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, கிருஷ்ண ஜயந்திக்குச் சீடை என்று அறுபது வருடமாகப் பண்டிகையை நாவால் அறிந்தவர். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் கையோடு நிற்க அவரால் முடியவில்லை. வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல், வெல்லமும் கருப்பட்டியும் தேனும் என்ன செய்துவிடும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். தீபாவளி அன்று யாரும் பார்க்காதபோது இரண்டு அதிரசங்களைப் பேத்தியின் கையில் வைத்து அழுத்தினார். இரவில் கருவி 380 காட்டியது. குழந்தைக்குத் தலைவலி, வாந்தி. வீடு முழுவதும் விடியவிடிய விழித்திருந்தது.

“அத்தை, இனிமே நீங்க உங்க கையால அவளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்” என்றாள் மருமகள். கோபத்தில் சொன்ன சொல் அன்று. மிகுந்த களைப்பில் சொன்ன சொல். அதனாலேயே அது பாட்டியை அதிகம் தைத்தது. மறுநாள் காலை பூஜையறையில் விளக்கின் முன் நின்று ஒரு சங்கற்பம் செய்துகொண்டார். குழந்தை என்ன கேட்டாலும் இனிப்பைத் தம் கையால் கொடுப்பதில்லை. தாமும் இனிப்பைத் தொடுவதில்லை.

இப்படியாக, அளவின்றிக் கொடுத்த கை, அளவின்றி மறுக்கும் கையாக மாறிற்று. கூடாரவல்லி அன்று கோயிலில் நடந்தது அந்தச் சங்கற்பத்தின் விளைவு.

அன்று காலை ஐந்தரை மணிக்கே ஊசி போட்டாயிற்று. தரிசனம் முடிந்து ஆறு மணிக்குள் வீடு திரும்பி இட்லி கொடுத்துவிடலாம் என்பது எண்ணம். வரிசை நீண்டுவிட்டது. மணி ஆறே முக்காலைக் கடந்தது. ஊசி மருந்து உடலில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது; அது செலவிடுவதற்கு இரத்தத்தில் சர்க்கரை போதவில்லை. சோதனைக் கருவி வைத்திருந்த சிறு பையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கோயிலுக்கு அதை எடுத்துவருவானேன், யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று தடுத்தவர் பாட்டிதான்.

துளசி மாலையுடன் திரும்பிய தாத்தா, பேத்தியின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வையைக் கண்டார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடத் தாமதமான ஒரு நாளில் அவருக்கே இப்படிப் படபடத்து வியர்த்ததுண்டு. “சர்க்கரை இறங்கிடுச்சு” என்றார். சங்கற்பம், மானம், ரகசியம் எல்லாம் அந்த நேரத்தில் பொருளற்றுப் போயின. “குழந்தைக்குச் சர்க்கரை வியாதி. யாராவது கொஞ்சம் சர்க்கரை கொடுங்க” என்று உரக்கவே கேட்டார்.

ஓர் அம்மாள் தொன்னையில் அக்காரவடிசிலோடு ஓடிவந்தார். “நெய்யும் பாலும் சேர்ந்தது மெதுவாத்தான் ஏறும்மா. வெறும் சர்க்கரையா இருந்தா நல்லது” என்றார் தாத்தா. அதற்குள் மடைப்பள்ளியிலிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரையும் தண்ணீரும் வந்துவிட்டன. மூன்று தேக்கரண்டியைச் சிறிது நீரில் கரைத்து, குழந்தை விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்து, வாய் வாயாகக் குடிக்கவைத்தார். பின்பு காத்திருந்தார்கள்.

பதினைந்து நிமிடம். சந்நிதியில் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. பாட்டி பெருமாளைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்திருந்தார். வாய் மட்டும் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல உதட்டில் நிறம் திரும்பிற்று. “பாட்டி, பசிக்குது” என்றாள் குழந்தை. யாரோ வெண்பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீடு திரும்பிச் சோதித்தபோது கருவி 104 என்று காட்டியது. பாட்டி அந்த எண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் மருத்துவரிடம் சென்றபோது, இம்முறை பாட்டியும் உடன் வந்தார். எதையும் மறைக்காமல் சொன்னார். “அவ கேட்டப்போ நான் மறுத்துட்டேன். கொடுத்தாலும் தப்பு, கொடுக்காட்டாலும் தப்புன்னா நான் என்னதான் டாக்டர் செய்யறது?” என்று கேட்டுக் கண்ணீர் விட்டார்.

மருத்துவர் அவருக்குச் சொன்னவை, இத்தகைய குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் முதியவர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

இந்தக் குழந்தைகள் இனிப்புக் கேட்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, சர்க்கரை குறைவது. இரத்தத்தில் அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடல் நடுங்கும், வியர்க்கும், திடீர்ப் பசி எடுக்கும், காரணமில்லாத கோபமோ அழுகையோ வரும். 54-க்குக் கீழே போனால் அறிவு தடுமாறும், வலிப்பும் வரலாம். இரண்டாவது, சர்க்கரை மிகுவது. இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்களுக்குள் போய்ச் சேராது. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் குடிக்க நீரில்லாததுபோல, செல்கள் பட்டினி கிடக்கும்; குழந்தைக்குத் தாகமும் பசியும் எடுக்கும். மூன்றாவது, அவள் குழந்தை. மற்றக் குழந்தைகள் தின்பதைப் பார்த்தால் அவளுக்கும் ஆசை வரும். இந்த மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது என்று சொல்லக்கூடியது ஒரு துளி இரத்தமும் அந்தக் கருவியுமே. ஆகவே இனிப்பு வேண்டும் என்று குழந்தை கேட்டால் உடனே கொடுக்கவும் வேண்டாம். உடனே மறுக்கவும் வேண்டாம். முதலில் அளந்து பார்க்க வேண்டும். கருவி கையில் இல்லை, அறிகுறிகள் இருக்கின்றன என்றால், குறைந்துவிட்டதாகவே கொண்டு சர்க்கரை கொடுத்துவிட வேண்டும்.

குறைந்திருந்தால் விரைவில் இரத்தத்தில் கலக்கும் இனிப்பே தேவை. அந்தச் சிறுமிக்கு மருத்துவர் வகுத்த அளவு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தூள். வேறு குழந்தைக்கு அதன் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப அளவு மாறும். கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு, அடுத்த வேளை உணவுக்கு நேரமிருந்தால், இட்லியோ பிஸ்கட்டோ சிறிது கொடுக்க வேண்டும். லட்டு, பால்கோவா, சாக்லேட் ஆகியவற்றில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகவே ஏறும், அவசரத்துக்கு உதவா. பயத்தில் கைநிறைய அள்ளிக் கொடுத்தால் சற்று நேரத்தில் அளவு எல்லை மீறிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நினைவிழந்த குழந்தையின் வாயில் நீரோ சோடாவோ எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே கேடாகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் குளுக்கோகன் என்னும் அவசர ஊசியைக் கொடுத்து, போடவும் கற்றுத்தந்திருந்தால் அதைப் போடலாம்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுபவைதான் என்று கேட்டபோது பாட்டி தலைகுனிந்தார். புளியோதரையும் தயிர்சாதமும்கூட அரிசி என்பதால் சர்க்கரையாகவே மாறும் என்று அறிந்தபோது வியந்தார். “அப்போ இனிப்பை மட்டும் விரோதியா நினைச்சது என் தப்பு” என்றார். இனிப்பு அறவே கூடாது என்பதில்லை. உணவோடு சேர்த்து, ஊசியின் அளவுக்குக் கணக்கிட்டு, எப்போதாவது சிறிது உண்ணலாம். ஒளித்துக் கொடுப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் ஒளித்துக் கொடுத்தது கணக்கில் வராது என்று முடித்தார் மருத்துவர்.

அன்று மாலை தாத்தா ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, தேதி, நேரம், சர்க்கரை அளவு, ஊசி அளவு, உண்ட உணவு என்று ஐந்து கட்டங்கள் வகுத்தார். பாட்டி ஒரு சிறு டப்பாவில் குளுக்கோஸ் தூளும் தேக்கரண்டியும் வைத்து மூடி, சோதனைக் கருவியோடு ஒரு பையில் போட்டார். அர்ச்சனைத் தட்டை எடுக்கும்போதெல்லாம் முதலில் அந்தப் பையை எடுப்பது அந்த வீட்டின் வழக்கமாயிற்று. கோயிலுக்குப் புறப்படும் நேரத்தைக் குழந்தையின் ஊசிக்கும் உணவுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

விளக்கின் முன் செய்த சங்கற்பத்தை என்ன செய்வது? பாட்டிக்கு அது உறுத்தலாகவே இருந்தது. தெய்வத்திடம் சொன்ன சொல்லாயிற்றே. ஒரு வெள்ளிக்கிழமை அதே விளக்கின் முன் நின்று, “கொடுக்க மாட்டேன்னு சொன்னது என் அறியாமை. இனி அளக்காம கொடுக்க மாட்டேன்” என்று மாற்றிச் சொன்னார். அன்றைக்கு நைவேத்தியம் கொண்டைக்கடலைச் சுண்டல். சர்க்கரையை மெல்ல ஏற்றும் பருப்பு வகை என்பதால் குழந்தையின் பங்கும் கணக்கில் எளிதாக அடங்கிற்று.

பிரசாதத்தை மறுப்பது பாவமாகாதா என்று முதியவர்கள் பலருக்கும் ஒரு தயக்கம் உண்டு. பாட்டிக்கும் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது அவர் சிறுவயதில் கேட்ட பாரதக் கதையே. வனவாசத்தில் துர்வாச முனிவர் சீடர்களோடு வந்து உணவு கேட்டபோது, பாஞ்சாலியின் அட்சய பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. கண்ணன் வந்து, பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையையும் ஒரு துணுக்குக் கீரையையும் உண்டான். ஆற்றங்கரையில் நீராடிக்கொண்டிருந்த முனிவருக்கும் சீடர்களுக்கும் வயிறு நிறைந்துவிட்டது. ஆண்டவனுக்கே ஒரு பருக்கை போதுமாக இருந்தது என்றால், அவனுடைய அருளைப் பெற நமக்கு மட்டும் தொன்னை நிறைய வேண்டுமா? கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பருக்கையை வாயில் இட்டால் பிரசாதம் முழுமையாகவே கிடைத்துவிட்டது. பாட்டி இதைப் பேத்திக்குக் கதையாகச் சொன்னார். அது முதல் அவள் எந்தக் கோயிலிலும் ஏங்கி நிற்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு மீதியைத் தாத்தாவிடம் நீட்டுவாள். “தாத்தாவுக்கும் ஒரு பருக்கைதான்” என்று அதட்டுவாள் பாட்டியைப் போலவே.

மாறுவதற்கு இன்னும் ஒன்று இருந்தது. கோயிலில் வாராவாரம் பாராயணம் செய்யும் பெண்களிடம் பாட்டி தாமே உண்மையைச் சொன்னார். முதலில் நா எழவில்லை. சொல்லி முடித்ததும் ஓர் அம்மாள், தம் தங்கை மகனுக்கும் இதே நோய் என்றும், வீட்டில் வெளியே சொல்லவிடவில்லை என்றும் மெல்லச் சொன்னார். இன்னொருவர், “அன்னைக்கே தெரிஞ்சிருந்தா குழந்தை வரிசையில நிக்கவே விட்டிருக்க மாட்டோமே” என்றார். மறைத்து வைத்ததனால் காத்தது ஒன்றுமில்லை, சுற்றியிருந்த நல்ல கைகளைத்தான் தடுத்துவைத்திருந்தோம் என்பது பாட்டிக்கு அப்போது புரிந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில்வெண்ணிக்குச் சென்றார்கள். நோய் கண்ட நாளில் பாட்டி நேர்ந்துகொண்ட தலம் அது. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் உள்ள இவ்வூர், கரிகாற் சோழன் வென்ற வெண்ணிப் போர் நடந்த இடம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம். கரும்புக் கழிகளைச் சேர்த்துக் கட்டியதுபோன்ற திருமேனியோடு காட்சி தருவதால் இறைவனுக்கு வெண்ணிக் கரும்பேசுவரர் என்று திருநாமம். அம்பிகை சௌந்தரநாயகி. நீரிழிவு உள்ளவர்கள் இங்கு வந்து வேண்டி, ரவையும் சர்க்கரையும் கலந்து பிராகாரத்தில் எறும்புகளுக்கு இடுவது வழக்கம்.

பிராகாரத்தில் அருகே அமர்ந்திருந்த ஒரு பெரியவர் குழந்தையின் கதையைக் கேட்டுவிட்டு, “இங்க வந்தாச்சில்லையா, ஒரு மண்டலம் ஊசியை நிறுத்திப் பாருங்களேன். எல்லாம் சரியாயிடும்” என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னவர்தான். மருமகளின் முகம் மாறியது. அவள் வாய் திறப்பதற்குள் பாட்டி பேசினார்.

“சாமி காப்பாத்துவார்னு நம்பித்தான் நானும் வந்திருக்கேன். அந்த மருந்தைக் கண்டுபிடிக்க ஒருத்தருக்குப் புத்தி கொடுத்ததும் இவர்தானே? இவர் கொடுத்ததை நிறுத்திட்டு இவர்கிட்டயே எப்படி வந்து வரம் கேட்கறது? ஊசியை நேரந்தவறாம போடற புத்தியும், அதைப் பொறுத்துக்கற தைரியமும் குழந்தைக்குக் கொடுன்னுதான் கேட்டிருக்கேன்.”

பெரியவர் மறுத்துப் பேசவில்லை. மருமகள் ஒன்றும் சொல்லாமல் மாமியாரின் அருகில் வந்து உட்கார்ந்தாள். தீபாவளி இரவிலிருந்து இருவருக்கும் நடுவே இருந்துவந்த இடைவெளி அன்று அவ்வளவு சிறியதாயிற்று.

சிறுமி ரவையும் சர்க்கரையும் கலந்த கிண்ணத்தை ஏந்திச் சுவரோரமாகத் தூவிக்கொண்டே போனாள். எங்கிருந்தோ எறும்புகள் வரிசையாக வந்தன. வீட்டுக் குளியலறையில் அன்று கண்ட எறும்புகளை நினைத்துப் பாட்டி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். “பாட்டி, எறும்புக்குச் சர்க்கரை இறங்காதா?” என்று கேட்டாள் பேத்தி. “அதுக்குத்தான் நீ போடறியே” என்றார் பாட்டி.

தரிசனம் முடிந்து, சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் கைக்கு வந்தது. குழந்தை தானே பையைத் திறந்தாள். விரல் நுனியில் ஒரு துளி; கருவி 118 என்றது. யாரும் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை; யாரும் மறைக்கவும் இல்லை. அவள் ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு பருக்கையை எடுத்துப் பாட்டியின் முன் நீட்டினாள்.

தீபாவளிக்குப் பிறகு இனிப்பைத் தொடாதவர் பாட்டி. சற்றே தயங்கினார். பின்பு, பிரசாதம் அல்லவா என்று வாயைத் திறந்தார்.